சமையலறையில் பத்துப் பேர்

ஆல்டூனா
ஜனவரி 5, 2015, திங்கள்

ஷிஃப்ராவுக்கு,

நீ அனுப்பிய மின்னஞ்சல் மூன்றும் வந்தன. பதில் போடவில்லை. மின்னஞ்சலில் நான் எழுதினால் அதை உன் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டுவாய். கடிதம் என்றால் காட்டக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். அதனால் கடைக் காகிதத்தில் எழுதுகிறேன். மேலே அச்சடித்திருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கண்டுகொள்ளாதே.

நேராகக் கேட்கிறேன். பென்சில்வேனியாவில் எத்தனை யூத ஜெபக்கூடங்கள் இருக்கின்றன! அதில் எட்டைப் பொறுக்கி, புதுமையாக யோசிக்கும் சமூகங்களாக மாற்றப் போகிறதாம் உன் அமைப்பு. அந்த எட்டில் ஒன்று நம்முடையது. கூரை ஒழுகுகிற இடம். குருவான ரப்பி மாதம் இரண்டு முறை காரில் வந்து போகிற இடம். காலை ஜெபத்துக்கு என்னையும் சேர்த்துச் சரியாகப் பத்தே ஆண்கள் தேறுகிற இடம். அங்கே வந்து எங்களுக்கு வழிகாட்டப் போவது யார் என்றால் என் தங்கை. இது தற்செயல் என்று நான் நம்ப வேண்டுமாம்.

விண்ணப்பம் போட்டது தான்தான் என்கிறாள் பாபெட். அவள் கூடத்தின் தலைவி, போடலாம். ஆனால் முப்பது வருஷமாக ஆள் எண்ணி ஜெபத்தில் ஒழுங்கு பார்க்கிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "சொல்லிருந்தா நீ விட்டிருப்பியா?" என்கிறாள்.

அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. துக்கம் காத்த ஏழு நாளில் மூன்றாம் நாளே கோபித்துக்கொண்டு ரயிலேறினாய். இறந்தவருக்குச் சொல்லும் காதிஷ் ஜெபத்தை அவருக்காகச் சொல்ல நீ எழுந்து நின்றாய், "நீ உக்காரு, பையன் நான் இருக்கேன்ல, நான் சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. இப்போது வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறாய். உனக்கு வேண்டியது புதுமை இல்லை. பத்து ஆண்கள் கூடாமல் காதிஷ் சொல்லக் கூடாது என்கிறோமே, அந்தப் பத்துப் பேரில் பெண்களையும் சேர்த்து எண்ண வைக்க வேண்டும், அதுதான் வேண்டும். இல்லையென்றால் இல்லையென்று எழுது.

ஹெர்ஷல்


ஃபிலடெல்பியா
ஜனவரி 12

அண்ணா,

இல்லை.

இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் பிரித்தேன்.

தேர்ந்தெடுத்த குழுவில் நான் கிடையாது. பட்டியலில் ஆல்டூனாவைப் பார்த்ததும் வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். "பனிக்காலத்துல அந்த ஊருக்கு வேற யாரு போவா? உனக்காவது அங்க படுக்க வீடு இருக்கு" என்றார்கள். அந்த வீட்டில் எனக்குப் படுக்கை உண்டா என்பதே சந்தேகம் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. விடுதியில் அறை போட்டிருக்கிறேன்.

நாங்கள் மருந்துப் பெட்டியோடு வருவதில்லை. உங்களில் ஒரு குழு கூடிப் பேசும், ஏதாவது ஒரு சின்ன மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும், ஒரு மாதம் செய்து பார்க்கும். அது தோற்றுப்போகலாம். தோற்றதை மறைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் விதி. அந்தக் குழுவில் நீயாகப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று பாபெட் சொன்னாள். இதையெல்லாம் வெறுக்கிற ஆள் எதற்காகப் பெயர் கொடுக்க வேண்டும்? காலை நீட்டித் தடுக்கி விடுவதற்குத்தானே?

எல்லாருக்கும் ஒரு கேள்வி அனுப்பியிருந்தோம்: இந்தக் கூடத்துக்கு வந்ததில் கடைசியாக எப்போது சந்தோஷப்பட்டீர்கள்? உன் தாளில் கடை முத்திரை மட்டும் இருந்தது.

எண்ணிக்கை பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். எழுதிக் கொடுக்கிறேன், இதையே வைத்துக்கொள். ஆனால் ஒன்று தெரிந்துகொள். அம்மா போனபோது அப்பா என்னிடம், "ஒனக்குத்தான் அண்ணன் இருக்கானே, அவன் சொல்லுவான்" என்றார். இருபத்திரண்டு வருஷம் அதை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே எங்கள் கூடத்தில் பெண்களையும் எண்ணுகிறார்கள். தினமும் காலையில் போய் அப்பாவுக்குக் காதிஷ் சொல்கிறேன். அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். என்ன செய்வது, இப்போது அவரால் என்னை உட்காரச் சொல்ல முடியாது.

ஷிஃப்ரா


ஆல்டூனா
ஜனவரி 27

ஷிஃப்ராவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து நீ ரயிலுக்குப் போன பிறகு, சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளை எல்லாம் பிய்த்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். யாருக்கும் தெரியாது.

பெயர் போடாமல் மனதில் உள்ளதை எழுதுங்கள் என்றாய். நாற்பது வருஷமாக இந்த ஊர்க் கண்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன் நான். எழுத்தின் பருமனைப் பார்த்தே யாருக்கு எந்தப் பவர் என்று சொல்வேன். "ஹெர்ரிங் மீனில் உப்பு அதிகம்" என்று எழுதியது நம் பத்துப் பேரில் ஒருவரான டாக்டர் கான். "சின்னப் பிள்ளைகளின் சத்தம் கேட்டுப் பல வருஷம் ஆகிறது" என்றது பாபெட். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அச்செழுத்துப்போல் பெரிது பெரிதாக, வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றி: "பத்தாவது ஆள் வரலன்னு வாசலையே பாத்துட்டு நிக்கிறோம். பத்தாவது ஆள் உள்ளதான் காப்பி போட்டுட்டு இருக்கா."

வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாய். சரி, திறக்கவில்லை. வேறு யார் கையையோ பிடித்து எழுத வைத்திருக்கிறாய்.

பெரிய கூடம் குளிர்கிறது என்று, ஒரு மாதம் காலை ஜெபத்தைச் சமையலறையில் வைத்துப் பார்ப்பது என முடிவாகியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும் இதில் ஏதோ வாடை அடிக்கிறது. கூடத்தில் ஆளுக்கொரு இடம். முப்பது வருஷமாக ஒரே இடம். கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவேன். சமையலறையில் யார் எங்கே நிற்பான் என்று யாருக்குத் தெரியும்? அதோடு அங்கேதான் பாபெட் விடிந்ததும் கதவைத் திறந்து காப்பி போடுகிறாள். இதுவும் தற்செயல்தானா?

ஹெர்ஷல்


ஃபிலடெல்பியா
பிப்ரவரி 3

அண்ணா,

அந்தச் சீட்டை நான் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. சமையலறை யோசனை டாக்டர் கானுடையது. அவருக்கு முட்டிவலி.

பெயர் போடாத சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் யார் கையெழுத்து என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாயே, உனக்கே வெட்கமாக இல்லையா? எட்டு ஊரில் வேலை செய்கிறேன். துப்பறிகிற ஆள் ஆல்டூனாவில் மட்டும்தான் இருக்கிறார்.

18ஆம் தேதி வருகிறேன். சமையலறை எப்படிப் போகிறது என்று பார்க்க. வேறு எதற்கும் இல்லை.

ஷிஃப்ரா


ஆல்டூனா
பிப்ரவரி 11

ஷிஃப்ராவுக்கு,

போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து, பனி பெய்கிறதா என்று பார்க்கக் கோட்டுப் போடாமல் வெளியே போனபோது இர்வ் டெஸ்லர் படியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்பத்தாறு வயசு. அவருடைய கட்டம்போட்ட கோட்டுகூட இன்னும் நம் சுவர் மாட்டியிலேயே தொங்குகிறது.

இப்போது ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பாவுக்குக் காதிஷ் இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டேன். பாதிப் பேர் ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறார்கள், மீதிப் பேர் எடுப்பதில்லை. ஏழே கால்வரை அந்தச் சமையலறையில் நின்று வாசலைப் பார்க்கிறோம். பிறகு காதிஷை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறோம். பாபெட் எல்லாருக்கும் காப்பி ஊற்றுகிறாள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இர்வ் விழுந்ததிலும் உன் கை இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் என்ன நிலையில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இர்வின் காலில் போட்ட கட்டைப் பிரிக்கிறார்களாம். மறுநாள் எப்படியும் வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.

ஹெர்ஷல்


ரயிலில்
பிப்ரவரி 18, புதன்

அண்ணா,

பெட்டி ஆடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும். உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் கடை திறக்க ஓடிவிட்டாய்.

நீ எண்ண ஆரம்பித்தபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களோடு கிழக்குச் சுவர் பக்கம் திரும்பி நின்றேன். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பதால், பத்துச் சொல் உள்ள அந்த வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். அப்பாவும் அப்படித்தான், அதே ராகம். ஒன்பதாவது சொல்லோடு நிறுத்தி, வாசலைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பத்தாவது சொல்லையும் சொன்னாய். அடுத்து, "சரி, ஆரம்பிங்க" என்றாய்.

அப்பாவுக்காக உன் குரலும் என் குரலும் சேர்ந்து ஒலித்தது இதுதான் முதல் தடவை. என்னால் பாதிக்கு மேல் சத்தமாகச் சொல்ல முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. நீயும் ஓரிடத்தில் தடுமாறினாய்.

நான் கேட்கவில்லை. நீயாகச் செய்தாய். நன்றி அண்ணா. இவ்வளவு நாள் உன்மேல் பட்ட சந்தேகத்துக்கெல்லாம் மன்னித்துக்கொள்.

உன் தங்கை
ஷிஃப்ரா


ஆல்டூனா
பிப்ரவரி 23

ஷிஃப்ராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நான் உன்னை எண்ணவில்லை. இர்வை எண்ணினேன்.

இர்வின் கோட்டு, அதன்மேல் தலையோடு போர்த்திய ஜெபத் துப்பட்டி, இர்வ் வழக்கமாக நிற்கும் கதவோரம். கட்டைப் பிரித்துவிட்டார்கள், வந்துவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் நலம் விசாரிக்கப் போன் போட்டால், "நான் எங்க வந்தேன்? நாள் பூரா சோபாவுலதான் கெடக்கேன்" என்கிறார்.

யார் உனக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தது? அந்த இடத்தில் யார் நிற்கச் சொன்னது? சுற்றி எட்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவன்கூட, "ஹெர்ஷல், அது இர்வ் இல்ல" என்று வாய் திறக்கவில்லை. எட்டு வாயையும் யார் தைத்து வைத்தது?

திட்டம் போட்டு என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள். மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்ததும், அன்றைய காதிஷ் செல்லாது என்று எல்லார் முன்னாலும் அறிவிக்கப் போகிறேன். ரப்பியிடம் கேட்டாயிற்று. "அது ஒங்க கூடத்து வழக்கம், நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றுவிட்டார்.

ஹெர்ஷல்


ஃபிலடெல்பியா
பிப்ரவரி 27

அண்ணா,

வெளியே மைனஸ் இருபது. நான் மெல்லிய ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, மாட்டியில் கைக்கு வந்த கோட்டை எடுத்துப் பாபெட் என் தோளில் போட்டாள். அது யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. துப்பட்டி என்னுடையது, இங்கே தினமும் போர்த்துவதுதான். கதவோரம் நின்றது, வேண்டாதவர்கள் நிற்கிற இடம் அதுதான் என்று சின்ன வயசிலிருந்தே பழகிவிட்டதால்.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். இர்வ் ஆறடி ஆள். எனக்கு ஐந்தடி இரண்டு அங்குலம். அவர் கோட்டு எனக்குக் கணுக்கால்வரை தொங்கியது. ஊருக்கே பார்வை சரிசெய்கிற மனுஷனுக்கு, நாலடி தூரத்தில் நிற்கும் தன் தங்கை தெரியவில்லையாம். காதிஷ் சொல்லும்போது என் குரலும் கேட்கவில்லையாம். நீ பொய் சொல்கிறாய். தெரிந்தே எண்ணிவிட்டு, இப்போது ஊருக்குப் பயந்து பின்வாங்குகிறாய்.

தாராளமாக அறிவித்துக்கொள். அப்பாவுக்காகச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள உனக்கு மனசு வந்தால் செய். வேறு ஆளை அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் இனி ஆல்டூனாவுக்கு வரமாட்டேன்.

ஷிஃப்ரா


ஆல்டூனா
மார்ச் 9

ஷிஃப்ராவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். அறிவிப்பதற்கு முன், யார் யார் உனக்கு உடந்தை என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். "அன்னிக்கு அங்க நின்னது என் தங்கச்சின்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். எட்டுக் கையும் உயர்ந்தது. 

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

டாக்டர் கான்தான் பேசினார். "எண்ணுறது ஒன் வேலை. நீ எண்ணுன, நாங்க ஆமென் சொன்னோம். ஒனக்கே தெரியாதுன்னு நாங்க எப்படி நெனைப்போம்? அவ பூட்ஸு தீயணைப்பு வண்டி கலர்ல இருந்துச்சேப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எதையும் அறிவிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து நேராக இர்வ் வீட்டுக்குப் போனேன். அந்த மஞ்சள் சீட்டைக் காட்டினேன். "நான்தான் எழுதினேன். கண்ணுல பொரை, பெருசா எழுதுனாத்தான் எனக்கே தெரியுது. நீதான் ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லி ரெண்டு வருஷமா கத்துறியே, ஒனக்குமா புரியல?" என்றார். அவர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உன்மேல் மட்டும்தான் வந்தது.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒன்பதாவது சொல்வரை நான் செய்தது தெரியாமல் செய்த தவறுதான். சத்தியமாக இர்வ் என்றுதான் நினைத்தேன். பத்தாவது சொல் வாய்க்கு வரும்போது கண் கீழே போனது. அந்தச் சிவப்பு பூட்ஸைப் பார்த்துவிட்டேன். சொல்லை விழுங்கியிருக்கலாம். அதற்குள் பத்து நாளாக அப்பாவுக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தேன் ஷிஃப்ரா. ஒவ்வொரு நாளும் அவரைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. சொல்லிவிட்டேன். அதனால்தான் முடிந்ததும் ஓடினேன். உன் கடிதம் வந்ததும் பயந்துபோய் எல்லாப் பழியையும் உன்மேல் போட்டேன்.

இர்வுக்கு இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். நாங்கள் ஒன்பது பேர்தான். நீ வந்தால் எண்ணுவேன். இந்தத் தடவை தெரிந்தே எண்ணுவேன்.

ஹெர்ஷல்


ஃபிலடெல்பியா
மார்ச் 13

அண்ணா,

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அவ்வளவு சந்தோஷம். மறுநாள் இன்னொரு முறை படித்தேன். அப்போது வேறு மாதிரி இருந்தது.

நான் கிளம்பிய மறுநாள் வியாழக்கிழமை நீங்கள் ஒன்பது பேர். பாபெட் அங்கேயே, கையில் காப்பிக் கெட்டிலோடு நின்றிருப்பாள். பனியோ மழையோ, உங்களுக்கெல்லாம் முன்னால் வந்து கதவைத் திறக்கிறவள் அவள். உங்கள் தலைவி. அன்றைக்குக் காதிஷ் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். வாசலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். உனக்குப் பத்தாவது ஆள் வேண்டுமென்றால் ஃபிலடெல்பியாவிலிருந்து வரவழைக்கிறாய்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அன்று நீ என்னை எண்ணினாய் என்று நம்பி ரயிலில் அழுதேன். இப்போது, ஒரு ஆள் குறைந்த ஓட்டையை என்னை வைத்து அடைத்தாயோ என்று தோன்றுகிறது. இர்வ் வந்த பிறகு நான் யார்? பழையபடி கதவோரம் நிற்கிறவள்தானா?

அப்பாவுக்கு நான் இங்கே தினமும் சொல்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ கூப்பிடுவதால் வரமாட்டேன். இர்வ் வந்து, பத்து ஆண்களும் நிறைந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று எழுது. அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

ஷிஃப்ரா


ஆல்டூனா
மார்ச் 26

ஷிஃப்ராவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அவ்வளவு கோபம். நீ சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் வந்த கோபம்.

அடுத்த ஞாயிறே ஒன்பது பேராக நிற்கும்போது பாபெட்டைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. அவளைக் கூப்பிட்டால் நீ எழுதியதுபோல் ஓட்டையை அடைக்கிற வேலையாகிவிடும், கூப்பிடாவிட்டால் அப்பாவுக்குக் காதிஷ் இல்லை. இரண்டு வாரம் இப்படியே இரண்டுங்கெட்டானாகப் போனது. அந்த நாட்களில் அவருக்காக நீ அங்கே சொல்லிக்கொண்டிருந்தாய் என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். அது செல்லுமா செல்லாதா என்று நான் யோசிக்கவே இல்லை. அதைப் பிறகுதான் கவனித்தேன்.

சமையலறையில் ஒரு மாதம் என்ற கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பெரிய கூடத்துக்குத் திரும்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று காலை இர்வ் கோலூன்றிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றே, "நான் வந்துட்டேன், இது நெஜமாவே நான்தான், வேணும்னா பூட்ஸப் பாரு" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். பத்து ஆண்களும் ஆயிற்று. ஒரு குறையும் இல்லை. நான் எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பாபெட் அடுப்பு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பாபெட், அத வெச்சிட்டு இங்க வந்து நில்லு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சுருங்கியது. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏன், இன்னிக்கு யாரு வரல?"

"யாரும் பாக்கியில்ல. எல்லாரும் வந்தாச்சு."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிடுற?"

பதினான்கு வருஷமாக அவள் அங்கே காப்பி போடுகிறாள். இந்தக் கேள்வி கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. 

"எண்ணுறதுக்குத்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. இதில் என்ன சூது இருக்கிறது என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

அண்ணன்